இடப்பக்கம் பார்க்கும் கிளிகள்

முகம் எடுக்க எனக்குப் பிடிக்காது. கேமராவைக் கண்டதும் முகம் வேறு முகமாகிவிடும், வாழைப்பூ அப்படி மாறாது, இதோ மண்டப வாசலில் கட்டியிருக்கிற இரண்டு வாழையில் இந்தப் பக்கத்துத் தாரின் நுனியில் தொங்கும் பூவில் ஒரே ஒரு மடல் விரிந்து உள்ளே சின்னப் பூக்கள் வரிசையாகத் தெரிகின்றன, முழங்காலை மடக்கிக் கீழேயிருந்து பார்த்தால் பின்னால் வெறும் வானம், ஆறேகால் மணி வெளிச்சம், அழுத்து. வந்துவிட்டது. திரையில் பார்க்கவே வேண்டாம், எனக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருஷம் நெடுஞ்சாலைத் துறையில் வரைவாளராக உட்கார்ந்து கோடு போட்ட கண் இது, ஒரு நூல் சாய்ந்தாலும் உறுத்தும். ஓய்வு பெற்ற பணம் வந்ததும் முதலில் இந்தக் கேமராவைத்தான் வாங்கினேன், இது நாற்பத்து மூன்றாவது கல்யாணம், ஒரு மாப்பிள்ளையையும் ஒரு பெண்ணையும் இதுவரை எடுத்ததில்லை. கோலத்தின் புள்ளி, குத்துவிளக்கின் திரி, சீர்த்தட்டில் மாதுளையைச் சுற்றி அடுக்கிய வெற்றிலை, ஆலத்தி நீரில் மிதக்கும் ஒற்றை ரோஜா இதழ், இவைதான் என் ஆட்கள். ஓய்வுபெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் கிண்டல் செய்கிறார்கள், சபேசன் கல்யாணத்துக்குப் போனீரா இல்லை பூக்கடைக்குப் போனீரா என்று. கிண்டல் செய்கிறவன் எவனும் படத்தை அழிப்பதில்லை, அதையும் நான் கவனித்துத்தான் வைத்திருக்கிறேன். “சார், கொஞ்சம் ஃப்ரேமை விட்டு நகருங்க” என்கிறார் கறுப்புச் சட்டைக்காரர், கூலிக்குப் படம் எடுக்க வந்தவர், தோளுக்கு ஒன்றாக இரண்டு கேமரா. “நீங்க ரெண்டடி அந்தப் பக்கம் போயிடுங்க தம்பி, வெளிச்சம் அங்கதான் நல்லா இருக்கு” என்றேன், போனார், போய்ப் பார்த்துத் தலையையும் ஆட்டிக்கொண்டார். கண்ணாடியைத் துடைக்கிற துணிக்காகப் பையின் ஓர அறையைத் திறந்தால் அதில் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி, பத்து இருக்கும், ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி. வீட்டுக்காரி அகிலா வேலை. முழங்கால் வலி, நான் வரவில்லை, நீங்கள் மட்டும் போய்விட்டு வாருங்கள் என்றவள் இதை எதற்கு வைத்தாள்? நான் என்ன சண்டைக்கா வந்திருக்கிறேன்? என் படங்களை ஒருநாளும் ஏறெடுத்துப் பார்க்காதவள் இன்று செருப்பு மாட்டும்போது சொன்னாள், “மணவறைக்குப் பின்னாடியும் போய் எடுங்க, எல்லாரும் முன்னாடியேதான் எடுக்கிறாங்க.” வயதாக ஆக இவளுக்கும் ரசனை வருகிறது போலிருக்கிறது.

“வாய்யா சபேசா, டிபன் ஆச்சா?” என்று நாகலிங்கம் பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறான், அலுவலகத்தில் என் எதிர் மேசை, பெண்ணைப் பெற்றவன், இன்றைக்கு ஒருநாள் அவன் எது கேட்டாலும் நின்று கேட்க மாட்டான், ஆகிவிட்டது என்று சொல்லி வைத்தேன். ஆகவில்லை. படம் முடியாமல் எனக்கு இட்லி இறங்காது. ஏழரைக்கு மேல் ஒன்பதுக்குள் முகூர்த்தம், ஒரு மணி நேரம் இருக்கிறது, அரசாணிக்காலில் சுற்றிய மஞ்சள் துணியின் மடிப்பை எடுத்தேன், முளைப்பாலிகைக் கிண்ணத்தில் ஒன்பது வகைத் தானியமும் விரல் உயரத்துக்கு முளைத்துப் பச்சையும் வெளிர்மஞ்சளுமாக நிற்பதை எடுத்தேன், நாயனக்காரர் தோடியை விட்டுவிட்டு ஒரு வாய் காப்பி குடித்தார், அந்த லோட்டாவை எடுத்தேன். பிறகு மணவறை. இதைக் கட்டியவன் கெட்டிக்காரன், ஒப்புக்கொள்கிறேன். ஊரெல்லாம் இப்போது தெர்மாகோல் மயில், பிளாஸ்டிக் கொடி, ஊதா விளக்கு. இங்கே ஒன்றும் இல்லை, வெள்ளைச் சாமந்தியும் தென்னங்குருத்தும்தான், மேலேயிருந்து குருத்தோலைத் தோரணம் ஐந்து வரிசையாக இறங்குகிறது, ஒவ்வொரு வரிசையிலும் பன்னிரண்டு ஓலைக்கிளி. கிளிக்குக் கிளி ஒரே இடைவெளி. கண்ணாலேயே அளந்தேன், ஒரு கிளிகூடத் தப்பவில்லை. லென்ஸை முன்னே தள்ளி ஒரு கிளியை மட்டும் பிடித்தேன், மடிப்பு மடிப்பாக, மூக்கு கூர்மையாக, வால் மூன்றாகப் பிரிந்து, அழுத்து. வந்தது. வந்ததில் என்னவோ சரியில்லை. திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன், வெளிச்சம் சரி, கூர்மை சரி, கிளி சரி. என்ன உறுத்துகிறது? டிரேசிங் தாளைத் திருப்பிப் போட்டு வைத்தால் வரைபடத்தில் எல்லாம் இருக்கும், ஆனாலும் கண் முரண்டு பிடிக்கும், அந்த மாதிரி. இன்னொரு கிளி. இன்னொன்று. ஓலைக்கிளி மட்டும் என் கணினியில் முந்நூறுக்கு மேல் இருக்கின்றன, நாற்பத்திரண்டு கல்யாணத்துக் கிளிகள், அத்தனையும் வலப்பக்கம் பார்க்கும். கட்டுகிறவன் வலது கையால் ஓலையை மடித்துக்கொண்டு போனால் மூக்கு அந்தப் பக்கம்தான் வந்து முடியும், வேறு வழியில்லை. இந்த அறுபதும் இடப்பக்கம் பார்க்கின்றன.

திருப்பித் தொங்க விட்டிருப்பார்கள் என்று முதலில் நினைத்தேன். இல்லை, ஓலையின் பளபளப்பான பக்கம் முன்னால்தான் இருக்கிறது. சரி, இடது கைக்காரன் கட்டியிருக்கிறான், அதற்கென்ன, உலகத்தில் இடது கைக்காரனுக்கா பஞ்சம், எங்கள் அலுவலகத்திலேயே தபால் பிரிவில் ஒருவர் முத்திரையை இடது கையால்தான் குத்துவார். சரத்தைப் பார். பார்க்க வேண்டாம். பார்த்தாகிவிட்டது. ஓரத்தில் தொங்குகிற மல்லிகைச் சரத்தில் நூல் குறுக்கே விழுகிற பக்கமும் மாறித்தான் இருக்கிறது, அகிலா தினம் சாயங்காலம் கட்டுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அது மனப்பாடம். என் மகள் ஒருத்தி கட்டினால் மட்டும் மாறும். அப்போது அவளுக்குப் பத்து வயது, அம்மா மடியிலிருந்து பூவைப் பிடுங்கிக்கொண்டு போய் மூலையில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு வருவாள், அகிலா தலையில் வைத்துப் பார்த்துவிட்டு, “உன் சரம் மட்டும் ஏன்டி இப்படித் திரும்பிக்கிட்டு உக்காருது” என்பாள், இரண்டு பேரும் சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். நான் அதற்கு நான்கு வருஷம் முன்னாலேயே அந்தக் கைக்கு முடிவு கட்டிவிட்டதாக நினைத்திருந்தேன். ஒன்றாம் வகுப்பு, எழுத உட்காரும்போது அவள் இடது மணிக்கட்டை என் கைக்குட்டையால் நாற்காலிக் கைப்பிடியில் கட்டுவேன். இறுக்கமாக இல்லை, வலிக்காது, நான் ஒன்றும் முரடன் இல்லை. சாப்பிட, எழுத, திருநீறு வாங்க, பெரியவர்களிடம் ஒன்று நீட்ட எல்லாம் வலது கை, ஆறே மாதத்தில் பழக்கிவிட்டேன், என் எழுத்தைவிட அவள் எழுத்து நேராக வந்தது, ஆசிரியை கூப்பிட்டுப் பாராட்டினாள். கத்தரிக்கோலும் துடைப்பமும் பூவும் மட்டும் அந்தக் கைக்கு மிஞ்சின. அவை எந்தப் பாடத்திலும் வராது என்று விட்டுவிட்டேன். சிவில் படித்தாள், சென்னையில் நான் பார்த்துக் கொடுத்த கம்பெனியில் நான்கு வருஷம் வேலை பார்த்தாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து, “அப்பா, வேலையை விட்டுட்டேன், கும்பகோணத்துல மணவறை அலங்காரம் எடுத்துச் செய்யப் போறேன்” என்றாள். நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. சோற்றைப் பிசைந்துகொண்டே நிதானமாகக் கேட்டேன், “அந்தக் கையால கட்டின மணவறையில யாரு வந்து உக்காந்து தாலி கட்டிக்குவா?” அவள் பரிமாறிக்கொண்டிருந்தாள், ரசக் கரண்டி வலது கையில்தான் இருந்தது. “சரிப்பா” என்றாள். அவ்வளவுதான். பதினான்கு மாதம் ஆகிறது, அம்மாவோடு பேசுகிறாள், நான் பக்கத்தில் இருந்தால் போனை வைத்துவிடுகிறாள். எதிர்த்துப் பேசியிருந்தால் நானும் ஏதாவது பேசி அன்றைக்கே தீர்ந்திருக்கும். சரிப்பா என்றால் என்ன அர்த்தம், எதற்குச் சரி, நீங்கள் சொல்வது சரி என்றா, இத்துடன் சரி என்றா? பல் தேய்க்கும்போது, பேருந்துக்கு நிற்கும்போது, ஃபோகஸ் பிடிக்கும்போதுகூட அந்தச் சரிப்பா வந்து குறுக்கே நிற்கும்.

ஆனாலும் அவசரப்படக் கூடாது. வரைவாளன் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட மாட்டான், பின்பக்கம் போய்ப் பார்க்கலாம், பின்பக்கத்தையும் எடுங்கள் என்றுதானே அவளும், ஓகோ, அகிலா, நீயா? முழங்கால் வலியா உனக்கு? நேற்று சாயங்காலம் மாடிக்கு ஏறிப்போய் வடகம் அள்ளிக்கொண்டு வந்த முழங்கால்தானே? மணவறையின் ஓரத்தில் சீர்த்தட்டு அடுக்கிய மேசைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் போகிற சந்து, பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நுழைந்தேன். மணவறையின் பின்பக்கம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அத்தனை மண்டபத்திலும் பார்த்திருக்கிறேன், முன்னால் தேவலோகம், பின்னால் சணல் கயிறும் பிய்ந்த பஞ்சும் வளைந்த ஆணியும். இங்கே அப்படி இல்லை. ஒவ்வொரு முடிச்சும் ஒரே அளவில் நறுக்கியிருக்கிறது, நூல் நுனியை ஓலைக்குள் செருகி மறைத்திருக்கிறது, மூங்கில் சட்டத்தில் பென்சிலால் அளவுக் குறி, ஆறு அங்குலத்துக்கு ஒன்று, குறியின் தலையில் சின்னதாக ஒரு சாய்வுக்கோடு. அந்தச் சாய்வுக்கோடு என்னுடையது. பைபாஸ் சாலை வரைபடத்திலிருந்து வீட்டுக்குப் பரண் அடித்தது வரைக்கும் நான் அப்படித்தான் குறிப்பேன். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, என் மேசைக்குப் பக்கத்தில் நின்று பார்த்து எடுத்துக்கொண்டிருக்கிறாள். பின்பக்கத்தைப் பார்த்தால்தான் வேலை தெரியும் என்று அலுவலகத்தில் எத்தனை பேரை விரட்டியிருக்கிறேன், விரட்டாமலே ஒருத்தி வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தாள். சந்தோஷம்தான், வேறென்ன, பெருமை, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை, கேமராவைத் தூக்கினேன். பென்சில் குறியை எடுத்தேன், முடிச்சை எடுத்தேன், மூன்றாவது வரிசையில் ஒரு சரம் லேசாகத் தொய்ந்திருந்தது, அதை எடுக்கலாமென்று லென்ஸைத் தள்ளும்போது சட்டத்தின் மறுகோடியிலிருந்து சாமந்திக்கு நடுவில் ஒரு கை வந்தது. இடது கை. ஆள்காட்டி விரலிலும் கட்டை விரலிலும் துணிக் கிழிசல் சுற்றியிருந்தது, துணியில் ரத்தம் காய்ந்து பழுப்பாக, ஓலை நறுக்கினது போக நூல் வேறு அறுத்திருக்கும், சரத்தைப் பிடித்து ஒரு சுற்று, ஒரு இழு, தொய்வு போய்விட்டது. நான் அழுத்திவிட்டேன். சத்தம் கேட்டுக் கை அப்படியே நின்றது. பிறகு உள்ளே போய்விட்டது.

ஓடிவந்துவிட்டேன். நடந்து வந்தேன் என்றுதான் மற்றவர்கள் சொல்வார்கள், எனக்குத் தெரியும் அது ஓட்டம் என்று. மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது, உட்கார்ந்து கேமராவை மடியில் வைத்துக்கொண்டேன். எனக்கு என்ன பயம்? கலெக்டர் எதிரில் நின்று உங்கள் பாலத்தின் அளவு தப்பு என்று சொன்னவன் நான். போய் நிற்க வேண்டியது, தில்லை, அன்றைக்கு நான் சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டியது, ஐந்தே சொல்தான். தில்லைநாயகி என்று பெயர் வைத்ததும் நான்தான், கூப்பிட எனக்கு உரிமை இல்லையா? அவள் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் சரிப்பா என்றால்? அதுதான் பயம். திட்டட்டும், அழட்டும், இத்தனை நாள் எங்கே போனீர்கள் என்று கேட்கட்டும், சரிப்பா என்று மட்டும் சொல்லிவிட்டாள் என்றால் அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் கிடையாது, பெண் போனது போனதுதான். தாலி கட்டி முடிந்ததும் அலங்காரக்காரர்கள் கிளம்பிவிடுவார்கள், சாயங்காலம் பிரிக்க வேறு ஆட்கள் வருவார்கள், எனக்கு இருப்பது இந்த ஒரு முகூர்த்த நேரம்தான். மேடையில் நாகலிங்கத்தின் பெண் வந்து உட்கார்ந்தாள், மாப்பிள்ளை பக்கத்தில், இரண்டு பேர் தலைக்கும் மேலே அறுபது கிளி. உட்கார்ந்துவிட்டார்கள், பார். யார் வந்து உட்காருவார்கள் என்று கேட்டாயே, இதோ உட்கார்ந்திருக்கிறார்கள், தாலித் தட்டு வரிசை வரிசையாக வருகிறது, எல்லோரும் தொட்டுக் கும்பிடுகிறார்கள், நானும் தொட்டேன். தட்டோடு வந்த அம்மாள் அட்சதையை அள்ளி நீட்டினாள், வாங்கிக்கொண்டேன், கெட்டிமேளம் என்று யாரோ விரலை ஆட்ட, தவில் இடிக்க, கேமராவைத் தூக்கினேன், முகத்துக்கு இல்லை, தாலி கட்டுகிற விரலுக்கும் இல்லை, அதற்கு மேலே, கிளி வரிசைக்கு, அட்சதை பறக்கும்போது கிளிகள் மீது மஞ்சளாகத் தூவும், அதை இதுவரை ஒருவனும் எடுத்திருக்க மாட்டான். அழுத்தினேன், அழுத்திக்கொண்டே மற்றக் கையால் அட்சதையை வீசினேன், நன்றாக இருங்கள் என்று வாய்விட்டுச் சொல்லியும்விட்டேன். பக்கத்து நாற்காலி அம்மாள் என் முழங்கையைத் தட்டினாள். “என்ன சார், இடது கையால போடுறீங்க? நல்ல காரியத்துல.” திரும்பிப் பார்த்தேன். என் உள்ளங்கையில் நாலைந்து மஞ்சள் அரிசி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. இடது கைதான். “வலது கையில வேலை இருக்குங்க” என்றேன், “வாழ்த்துக்கு என்ன, அது போய்ச் சேர்ந்துடும்.” சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. அந்த அம்மாள் சிரித்துவிட்டாள். அந்த நாலைந்து அரிசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன்.

சந்தில் இந்த முறை சீர்த்தட்டு மேசையில் இடித்துக்கொண்டேன், ஒரு ஆரஞ்சு உருண்டு போனது, எடுக்கவில்லை. பின்கதவுக்கு வெளியே சமையல்கட்டுப் பக்கம் ஒரு சின்ன வேன், திறந்த பின்பக்கத்தில் மிச்ச ஓலைகளையும் நூல்கண்டுகளையும் அவள் அடுக்கிக்கொண்டிருந்தாள், சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் இழுத்துக் கட்டி, முடியெல்லாம் சாமந்தி இதழ். இளைத்திருக்கிறாள். இல்லை, தேறித்தான் இருக்கிறாள், தோள் அகன்றிருக்கிறது, ஏணி தூக்குகிற தோள். “தில்லை” என்றேன். திரும்பினாள், இரண்டு கையும் பின்னால் போயின. “வாங்கப்பா” என்றாள், பிறகு, “சாப்டீங்களா?” என்றாள். அவள் சரிப்பா என்று சொல்லவில்லை என்பதுதான் என் காதில் விழுந்தது. ஐந்து சொல்லையும் நாக்குக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தினேன். “கிளியெல்லாம் நல்லா வந்திருக்கு” என்றேன். “எல்லாம் திரும்பிக்கிட்டு இருக்குமேப்பா” என்றாள், சிரிக்காமல். “திரும்பலை. அதுங்க பார்க்கிற பக்கம் அது” என்றேன். “அன்னைக்கு நான் சொன்னேனே, அது தப்பு. ரொம்பத் தப்பு.” அவள் தரையைப் பார்த்தாள், நான் கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றி வேனில் ஓலைக்கட்டின் மீது வைத்துவிட்டுப் பையின் ஓர அறையைத் திறந்து ரப்பர் பேண்டைப் பிரித்து ஒரு பிளாஸ்திரியை எடுத்தேன். “அம்மா குடுத்தாங்களா?” என்றாள். “ஆமா. எனக்குத் தெரியாம என் பையிலயே வச்சு அனுப்பியிருக்கா, கெட்டிக்காரி. கையைக் குடு.” பின்னாலிருந்து கையை எடுத்து நீட்டினாள். கீறல் இல்லாத, துணி சுற்றாத, சுத்தமான வலது கை. பெரியவர்களிடம் நீட்ட நான் பழக்கிய கை. பிளாஸ்திரியின் காகிதத்தைப் பாதி உரித்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“அது இல்லம்மா” என்றேன். “உன் கையைக் குடு.”